அருவிக்கரையில் அறுந்த நூல்

வேன் நின்றதும் முதலில் கீழே குதித்தவன் எல்தார். குதித்த வேகத்தில் குப்புற விழுந்தவனும் அவன்தான்.

"விழுந்தாச்சு! இன்னும் அருவிப் பாதையில கால்கூட வைக்கல, அதுக்குள்ள விழுந்தாச்சு!" என்று கைதட்டிச் சிரித்தான் நூர்பெக்.

"சிரிக்காதடா. நூல் வெட்டாத பிள்ளை வேற எப்படி நடக்கும்?" என்று மகனை அதட்டினாள் குல்சாத் அத்தை.

எல்தார் தரையிலேயே உட்கார்ந்து உதட்டைப் பிதுக்கினான். அம்மா ஓடிப்போய் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"வாடா என் ஆட்டுக்குட்டி, அம்மா தூக்கறேன்."

எல்தார் அம்மாவை ஒரு பார்வை பார்த்தான். அடுத்த நொடி 'வீல்' என்று அலறிக்கொண்டு ஓடிப்போய், அக்கா சைகாலின் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அம்மாவின் கைகள் நீட்டியபடியே சற்று நேரம் நின்றன. பிறகு வேனிலிருந்த கூடையை எடுக்கப் போய்விட்டன.

அம்மா மாஸ்கோவுக்குத் தையல் வேலைக்குப் போனபோது எல்தார் கைக்குழந்தை. இப்போது அவனுக்கு இரண்டரை வயது. போன வாரம் அம்மா ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டாள். இனிமேல் போகப்போவதில்லை. சைகால் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடியும் அழுதாள். எல்தாரோ அலமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். ஒரு வாரமாக அதே கதைதான். மாஸ்கோவிலிருந்து வந்த பொம்மை லாரியை வாங்கிக்கொண்டான். லாரி தந்த கையைத் தொடமாட்டேன் என்றான்.

நேற்று அம்மா மாவு பிசைந்தபடியே அப்பாவிடம் மெல்லச் சொன்னது சைகாலின் காதில் விழுந்தது. "அவனுக்கு நான் வேண்டாம் போலிருக்குங்க. யாரோ ஒருத்தின்னு நினைக்கறான்."

அதனால்தான் அப்பா இன்று எல்லோரையும் வெண்கூந்தல் அருவிக்குக் கூட்டி வந்திருந்தார். "நூல் வெட்டற விழாவை அங்கேயே வெச்சுக்குவோம். அந்த இடம் உனக்கு ரொம்பப் பிடிக்குமே" என்று அம்மாவிடம் சொன்னார். குழந்தை இனி தடுக்கி விழக்கூடாது என்று, அது நடக்கத் தொடங்கிய உடனே கால்களில் நூலைக் கட்டி வெட்டுகிற விழா அது. ஆனால் அம்மாதான், "நான் வந்த பிறகு வெட்டுங்க, நான் பார்க்கணும்" என்று போனில் கெஞ்சிக் கேட்டிருந்தாள். அதனால் எல்தார் நூல் வெட்டாமலேயே நடந்து, ஓடி, ஊரெல்லாம் விழுந்து வாரிக்கொண்டிருந்தான்.

அருவிக்குப் போகும் பாதை சுலபமானது. ஓடையை ஒட்டியே வளைந்து வளைந்து போகும். செருப்பு போட்டுக்கொண்டே போகலாம். கைக்குழந்தைக்காரர்கள் தள்ளுவண்டியையே உருட்டிக்கொண்டு போனார்கள். சைகால் எல்தாரை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

"பழைய மரப்பாலம் எங்க?" என்று கேட்டாள் அம்மா, புதிய இரும்புப் பாலத்தின் முன்னால் நின்று.

"வெள்ளத்துல போயிடுச்சும்மா."

"அதுல நீ நடக்கவே மாட்டே. தவழ்ந்துதான் வருவே. பலகை இடுக்குல தண்ணி தெரியுதுன்னு பயம்."

"நான் ஒண்ணும் பயப்படல!"

"பயந்தா, பயந்தா!" என்று நூர்பெக் இரும்புப் பாலத்தின் மேல் தவழ்ந்து காட்டினான். பின்னால் வந்த ஒரு தாத்தா அவனைத் தாண்டிப் போக முடியாமல் இருமினார்.

சைகாலுக்கும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அப்போது அம்மா முன்னால் நடப்பாள். நீளமான பின்னல் முதுகில் இப்படியும் அப்படியும் ஆடும். அந்தப் பின்னலைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கால் வலியே தெரியாது. அப்போது வீடு போலப் பெரிதாகத் தெரிந்த பாதையோரப் பாறை, இப்போது அவள் தோளளவுதான் இருந்தது. பாறை சுருங்கிவிட்டதா என்ன?

அம்மா பாதையோரம் குனிந்து எதையோ தேடினாள். நிமிர்ந்தபோது கையில் ஒரு நீளமான புல். அதில் காட்டு ஸ்ட்ராபெரிப் பழங்கள் சிவப்பு மணிகளைப் போலக் கோக்கப்பட்டிருந்தன. சைகாலின் கண்கள் விரிந்தன. அம்மா அன்றும் அப்படித்தான் கோத்துத் தருவாள்!

அம்மா அதை எல்தாரிடம் நீட்டினாள். எல்தார் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"எனக்குக் குடும்மா" என்று சைகால் வாயைத் திறந்தாள். அதே ருசி. வெயில் சூட்டோடு, கொஞ்சம் தூசியோடு, அதே ருசி. அம்மா சிரித்தாள். கண்கள் மட்டும் சிரிக்கவில்லை.

அருவிக்குக் கீழே இருந்த புல்வெளியில் விரிப்பை விரித்தார்கள். மேலே பாறை முகட்டிலிருந்து அருவி நரைத்த கூந்தலைப் போல விழுந்து, காற்றில் பிரிந்து பறந்தது. கெட்டிலில் டீ கொதித்தது. எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவுத் துண்டுகளை ஆப்ரிகாட் ஜாமில் தோய்த்துத் தின்றார்கள். நூர்பெக் எத்தனை தின்றான் என்பது அவனுக்கே தெரியாது.

"போதும்டா, அப்புறம் எப்படி ஓடுவே?" என்றாள் அத்தை.

"ஓடுவேன்! முதல்ல ஓடி வந்து நான்தான் நூலை வெட்டுவேன். யார் வெட்டறாங்களோ அவங்களை மாதிரிதான் பிள்ளை ஓடுமாம். எல்தார் என்னை மாதிரி ஓடட்டும். இவளை மாதிரி ஓடினா ஆமைகூட முந்திடும்."

"பார்க்கலாம்" என்றாள் சைகால். அவளுக்கும் வெட்ட வேண்டும் என்று ஆசைதான். அவள் தம்பியாயிற்றே!

அப்போது எல்தார் தவழ்ந்து வந்து சைகாலின் பையிலிருந்த போனை உருவினான். இரண்டு கைகளாலும் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, கறுத்துக் கிடந்த திரையை உற்றுப் பார்த்தான்.

"அம்மா?" என்றான்.

தினமும் இந்த நேரத்தில்தான் அம்மா மாஸ்கோவிலிருந்து கூப்பிடுவாள். தையல் கூடத்தில் அது தேநீர் இடைவேளை.

"அம்மா வரல" என்று எல்தார் சைகாலிடம் குறை சொன்னான். "அக்கா, அம்மா வரல."

இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த அம்மா டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து ஓடைப் பக்கம் போய்விட்டாள்.

சைகால் தம்பியையே பார்த்தாள். 'அடப்பாவமே! இவன் அம்மாவை வேண்டாம்னு சொல்லவே இல்லை. ஒரு வாரமா அம்மாவுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கான்! இவனுக்கு அம்மான்னா போனுக்குள்ள இருக்கிற அம்மாதான். அந்த அம்மாவும் இந்த அம்மாவும் ஒண்ணுதான்னு இவனுக்கு யாரும் காட்டவே இல்லையே!'

அவள் போனில் கேமராவைத் திறந்து பார்த்தாள். திரையில் புல் தெரிந்தது, கெட்டில் தெரிந்தது, நூர்பெக்கின் ஜாம் பூசிய வாய் தெரிந்தது.

அவள் ஓடைக்கரைக்கு ஓடினாள்.

"அம்மா, நீ அந்தப் பெரிய ஊசியிலை மரத்துக்கிட்ட போய் நில்லு. நான் கையைக் காட்டினதும் போன்ல பேசற மாதிரியே பேசணும்."

"எதுக்குடி? என்னைப் பார்த்தா அவன் ஓடிடறான்."

"ஓட மாட்டான்மா. இன்னைக்கு அவனால ஓட முடியாது!"

அதற்குள் அப்பா கூப்பிட்டுவிட்டார். "சைகால்! விளையாட்டு அப்புறம். வரிசையில வந்து நில்லு!"

அத்தை எல்தாரைப் புல்வெளியின் மறுமுனையில் நிறுத்திப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். அப்பா கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கம்பளி நூலால் அவன் கணுக்கால்களைச் சேர்த்துக் கட்டினார். பக்கத்தில் கத்தரிக்கோலை வைத்தார். சுற்றுலா வந்திருந்த மற்றக் குடும்பங்களின் பிள்ளைகளும் கேட்காமலேயே ஓடி வந்து வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். நூல் வெட்டும் ஓட்டம் என்றால் யாருக்கும் அழைப்பு தேவையில்லை.

நூர்பெக் முதலில் போய்விட்டால் அவ்வளவுதான். ஒரே வெட்டு. கால் விடுபட்டதும் எல்தார் அலறிக்கொண்டு எங்காவது ஓடி ஒளிவான். அம்மா மறுபடியும் கூடையைத் தேடிப் போவாள்.

"ஓடுங்க!" என்று அப்பா கையை வீசினார்.

எல்லோரும் பாய்ந்தார்கள். நூர்பெக்தான் முன்னால். அவன் கால்கள் தரையில் படுவதாகவே தெரியவில்லை. பாதி தூரம் வந்ததும், ஓரமாக நின்று கத்திக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து ஒரு வெற்றி வீரனைப் போலக் கையசைத்தான். அசைத்த கையை இறக்குவதற்குள் சைகால் அவனைத் தாண்டிவிட்டாள்.

அவள்தான் முதலில் போய்ச் சேர்ந்தாள்! ஆனால் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. எல்தாரின் பக்கத்தில் முழங்காலிட்டு, போனை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"ஏய், வெட்டுடி!" மூச்சிரைக்க வந்து நின்றான் நூர்பெக்.

"நீயே வெட்டு. ஆனா நான் சொன்னதும் வெட்டு. எனக்கு வேற வேலை இருக்கு."

"போட்டோ எடுக்கற நேரமா இது?"

சைகால் பதில் சொல்லாமல் மரத்தின் பக்கம் கையைக் காட்டினாள்.

அம்மா மரத்தடியிலிருந்து வெளியே வந்தாள். "எல்தார் குட்டி! இன்னைக்கு என்ன சாப்பிட்டே? கன்னுக்குட்டி உன் தொப்பியைத் தின்னுச்சா?" என்று தினமும் போனில் கேட்பது போலவே கேட்டாள்.

எல்தார் திரையைப் பார்த்தான். அவன் முகம் அப்படியே மலர்ந்தது.

"அம்மா! அம்மா வந்தாச்சு!"

"கிட்ட வாம்மா, இன்னும் கிட்ட வா" என்றாள் சைகால். திரையில் அம்மா பெரிதாகிக்கொண்டே வந்தாள். எல்தார் விரலால் திரையில் அம்மாவின் மூக்கைத் தொட்டான். அப்போது சைகால் போனை மெதுவாக, மிக மெதுவாகக் கீழே இறக்கினாள்.

போனுக்குப் பின்னால் அதே அம்மா. அதே மூக்கு.

எல்தார் போனைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். மறுபடியும் போனைப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பெரிய கணக்கு ஒன்றைப் போடுபவனைப் போல யோசித்தான். நூர்பெக் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"தொப்பியைத் தின்னுச்சு" என்றான் எல்தார், அம்மாவைப் பார்த்து.

"வெட்டு!" என்று கிசுகிசுத்தாள் சைகால்.

கத்தரிக்கோல் 'கறக்' என்றது. நூல் அறுந்து புல்லில் விழுந்தது. எல்தார் ஓர் அடி வைத்தான், இன்னோர் அடி வைத்தான். பிறகு தடுக்காமல், விழாமல், நேராக அம்மாவிடம் ஓடினான். அம்மா மண்டியிட்டு அவனை வாரி எடுத்துக்கொண்டாள். தெரியாத குடும்பங்களெல்லாம் கைதட்டின. அத்தை முந்தானை போலத் தொங்கிய தலைத்துணி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நான்தான் வெட்டினேன்! எல்லாரும் பார்த்துக்குங்க, என்னை மாதிரிதான் ஓடறான்!" என்று நூர்பெக் ஊருக்கே அறிவித்தான்.

வெயில் சாய்ந்ததும் கீழே இறங்கத் தொடங்கினார்கள். அம்மா முன்னால் நடந்தாள். அவள் தோளில் எல்தார் உட்கார்ந்து, அவள் பின்னலைக் கடிவாளம் போலப் பிடித்திருந்தான்.

பாவம், அம்மாவுக்குத் தோள் வலிக்கும் என்று சைகால் ஓடிப்போய்க் கைகளை நீட்டினாள். "வாடா, அக்கா தூக்கறேன்."

"மாட்டேன்" என்றான் எல்தார்.

"அக்காகிட்ட வர மாட்டியா?"

"மாட்டேன். அம்மா."

அம்மா திரும்பிப் பார்த்தாள். "இறக்கி விடவா, சைகால்?"

"வேணாம்மா. இருக்கட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, மனதில் சின்னதாக ஒரு முள் குத்தியது. இடுப்பு வெறுமையாக இருந்தது. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. இந்த இரண்டு வருடத்தில் அவள் எங்கேயாவது கையை வீசிக்கொண்டு நடந்திருக்கிறாளா? யோசித்துப் பார்த்தாள். நினைவே வரவில்லை.

"கை சும்மாதானே இருக்கு? இந்தா, கெட்டிலைப் பிடி" என்று நூர்பெக் நீட்டினான்.

சைகால் கெட்டிலைப் பார்த்தாள். முன்னால் சரிந்து சரிந்து இறங்கும் பாதையைப் பார்த்தாள். பாவாடையை லேசாகத் தூக்கிப் பிடித்தாள்.

"பாலம் வரைக்கும் பந்தயம்!" என்று கத்தினாள். அவன் கெட்டிலைக் கீழே வைப்பதற்குள், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடத் தொடங்கிவிட்டாள்.