விளக்குக்காரர் சாகக் கூடாது

ஐந்து பேர் மேடையில் செத்துக் கிடந்தார்கள். அதைப் பார்த்து நாலாம் வகுப்புப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பின்னே? அது நான் எழுதிய சோக நாடகம்! பள்ளி ஆண்டு விழாவுக்காக மாங்கு மாங்கென்று எழுதியது. கடற்கரையில் ஒரு கலங்கரை விளக்கம். அதில் விளக்கேற்ற வேண்டியவர் வழியில் கதை பேசிக்கொண்டு நின்றுவிடுகிறார். இருட்டில் வழி தெரியாமல் ஒரு கப்பல் பாறையில் மோதி மூழ்கிவிடுகிறது. கேட்டாலே மனசு கனக்கிறது, இல்லையா?

ஆனால் ஒத்திகையில் எங்கள் ஆறாம் வகுப்பு மாலுமிகள் அடித்த கூத்தைப் பார்க்க வேண்டுமே! ஒருத்தி விழுவதற்கு முன்னால் தூசி இல்லாத இடமாகத் தேடினாள். கப்பல் கேப்டனாக நடித்தவனோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, செத்த பிறகும் உருண்டுகொண்டே இருந்தான். கைதட்டல் வந்ததும் எழுந்து நின்று இன்னொரு தடவை செத்தான். அன்றிலிருந்து அவனுக்குப் பெயரே கேப்டன்தான்.

நாடக மிஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "நாளன்னைக்கு விழா. இது சரிப்பட்டு வராது. பேசாம உங்க கிளாஸுக்கு ஒரு டான்ஸ் குடுத்துடவா?"

"வேணாம் மிஸ்! நாளைக்கு ஒரே ஒரு தடவை பாருங்க. நான் சரி பண்ணிடறேன்."

எப்படிச் சரி செய்வது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. வாய் முந்திக்கொண்டது.

வீட்டுக்குப் போனதும் எல்லோரையும் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்கு நடந்த பெரிய சோகம் எது? சொல்லுங்க!"

"புது சாக்ஸ்ல ஓட்டை. கட்டைவிரல் எட்டிப் பார்க்குது. ஒரே சோகம்," என்றான் அண்ணன்.

அப்பா முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். "ஒருத்தர் மீசையை லேசா ஒதுக்கச் சொன்னார். அந்த நேரம் பார்த்துத் தும்மிட்டேன். பாதி மீசை போச்சு. அதைவிட சோகம் உண்டா?"

"அழுதீங்களாப்பா?"

"நான் எதுக்கு அழணும்? அவர்தான் அழுதார்."

"உங்க மூணு பேர் துணியையும் நான் ஒருத்தியே மடிக்கறேனே, அதான் சோகம்," என்றார் அம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோகம் என்று சொல்லிவிட்டு ஆளாளுக்குச் சிரித்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் நின்றேன். வந்த பஸ்ஸில் கூட்டம் பிதுங்கியதால் நான் ஏறவில்லை. பஸ் கிளம்பியதும் சந்திலிருந்து ஒருவர் ஓடி வந்தார். சட்டையெல்லாம் பெயின்ட். கையில் ஒரு சின்ன சாப்பாட்டு டப்பா. "பாப்பா! பாப்பா!" என்று கூப்பிட்டபடி பஸ்ஸின் பின்னால் ஓடினார். எட்டித் தொட்டுவிடுவார் போல இருந்தது.

"ஓடுங்க, ஓடுங்க!" என்று என்னையறியாமல் கத்தினேன். பஸ் முனையில் திரும்பிப் போயே போய்விட்டது.

அவர் நடுத்தெருவில் அப்படியே நின்றார். நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவில்லை. கத்தவில்லை. டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்டாப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை.

ஓடிப்போய், "பாப்பா எந்த ஸ்கூல் அண்ணே?" என்றேன். எங்கள் பள்ளிதான்! "குடுங்க, நான் குடுத்துடறேன். எந்த கிளாஸ்?"

"ரெண்டாவது. நீ நல்லா இருக்கணும்மா!" என்று டப்பாவைக் கொடுத்தார். "மறந்துட்டுப் போயிட்டா. நான் செருப்பைத் தேடிட்டு நின்னேன் பாரு. வெறுங்காலோட ஓடி வந்திருந்தா பிடிச்சிருப்பேன்!"

அடுத்த பஸ்ஸில் போய், முதல் வேலையாக டப்பாவைப் பாப்பாவிடம் சேர்த்தேன். போகும் வழியெல்லாம் அவர் சொன்னதுதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

ஒத்திகையில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். "இனிமே மேடையில யாரும் சாகக் கூடாது!"

கேப்டன் எகிறினான். "சாகாம என்ன சோக நாடகம்? உருண்டு உருண்டு என் முட்டியே தேஞ்சு போச்சு!"

"நீங்க செத்ததைப் பார்த்து யாராவது அழுதாங்களா? 'அடடா, கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே'ன்னு அவங்களுக்குத் தோணணும். கப்பல் திரைக்குப் பின்னாடி மூழ்கட்டும். விளக்குக்காரர் ஓடி வந்து சும்மா நின்னா போதும்."

"அது உன் வேஷமாச்சே! உன் வேஷத்தை மட்டும் பெருசாக்கிக்கறியா?"

சுருக்கென்றது. அந்த வேஷத்தின் மேல் எனக்கு அவ்வளவு ஆசை. ஆனால் நாடகமே இல்லாமல் வேஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வகுப்பிலேயே வேகமாக ஓடுகிறவன் அவன்தான்.

"அப்ப நீயே நடி," என்று விளக்கை நீட்டினேன்.

வாயைப் பிளந்தான். "நானா? கடைசியில சாவேனா?"

"மாட்டே. மத்தவங்க எல்லாரும் போயிடுவாங்க. நீ மட்டும் உயிரோட இருக்கணும். அதான் கஷ்டம்."

கேப்டன் விளக்கை வாங்கிக்கொண்டான். ஒத்திகை முடிந்ததும் மிஸ், "டான்ஸ் வேணாம்," என்று மட்டும் சொன்னார்.

விழா அன்று நான் திரைக்குப் பின்னால் தகரத்தைத் தட்டி இடி முழக்கினேன். மாலுமிகள், "விளக்கு எங்கே? விளக்கு எங்கே?" என்று கத்தினார்கள். கேப்டன் விளக்கோடு தலைதெறிக்க ஓடி வந்தான். முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

தகரத்தை ஓங்கித் தரையில் போட்டேன். கப்பல் உடைந்தது. அதன் பிறகு சத்தமே இல்லை.

கேப்டன் நின்றான். பழக்கதோஷம், அவன் கை நெஞ்சை நோக்கிப் போனது. 'வேணாம்டா!' என்று பல்லைக் கடித்தேன். நல்லவேளை, கை இறங்கியது. கடலைப் பார்த்து மெதுவாக விளக்கைத் தூக்கிப் பிடித்தான். அந்த வெளிச்சத்தைப் பார்க்க அங்கே கப்பல் இல்லை.

அரங்கத்தில் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

திரை விழுந்ததும் ஒரு வாண்டு அம்மாவின் கையை உதறிவிட்டு மேடைக்கு ஓடி வந்தது. கன்னமெல்லாம் ஈரம். நேராகப் போய்க் கேப்டனின் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"அண்ணா, நாளைக்கு யார்கூடவும் நின்னு பேசாதே. சீக்கிரம் வந்துடு. சரியா?"

கேப்டன் ஒருமுறை என்னைப் பார்த்தான். பிறகு அந்த வாண்டின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"சரிடா தங்கம். நேரா வந்துடறேன்."