முழங்கால் பொய் சொல்லுமா?

மெல்ரோய் நடிக்கிறான் என்று ஷெரோமிக்குச் சந்தேகம்.

போன வாரம், கொட்டாஞ்சேனையில் அவர்கள் குடியிருக்கும் மாடிவீட்டுப் படிகளில் அவளுடைய தம்பி உருண்டு விழுந்தான். முழங்காலில் தோல் உரிந்து பெரிய காயம். அது பொய்யில்லை. பொய் அதற்குப் பிறகுதான் தொடங்கியது என்று அவள் நினைத்தாள்.

கணக்குச் செய்யச் சொன்னால் அவனுக்குக் கால் நோகும். பாண் ரொட்டி விற்கும் த்ரீவீல் வண்டியின் பாட்டுக் கேட்டால் நோகாது. எல்லோருக்கும் முன்னால் ஜன்னலில் நிற்பான்.

மருந்து கட்டப் போகும்போதுதான் பெரிய கூத்து. கட்டை அவிழ்த்த பிறகு கத்தினால் பரவாயில்லை. பஞ்சு வைத்த தட்டைக் கண்டதுமே கத்துவான். தொடாத இடம் எப்படி நோகும்?

நேற்று அவன் டிஸ்பென்சரியில் மருந்து கட்டும் மிஸ்ஸின் கையை உதைத்துவிட்டான். அவரால் அரைகுறையாகத்தான் கட்ட முடிந்தது. காயம் பழுக்கத் தொடங்கிவிட்டது, நாளைக்கும் துப்புரவாக்க விடாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று மிஸ் அம்மாவை எச்சரித்தார்.

அம்மாவுக்கு இனி லீவு இல்லை. கொள்ளுப்பிட்டியில் வேலை. இன்று பின்னேரம் தம்பியைக் கூட்டிப் போவது ஷெரோமியின் பொறுப்பு. அவன் கத்துவான், எல்லோரும் தன்னைப் பார்ப்பார்கள் என்று நினைக்கவே அவளுக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் வர வர, சந்தேகமும் பெருத்தது.

அவனைக் கையும் களவுமாகப் பிடிக்க முடிவு செய்தாள்.

அறைக்குள் மெல்ரோயும் பக்கத்து வீட்டு இன்ஸாபும் தரையில் கரம் பலகையை வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஷெரோமி செருப்பைக் கழற்றிவிட்டு, அம்மாவின் பழைய போனுடன் கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

மெல்ரோய் சிவப்புக் காய்க்குக் குறி பார்த்தான். எட்டவில்லை. முழங்காலை மடித்து, அந்தக் காயத்தின் மேலேயே ஊன்றிக்கொண்டு முன்னால் சாய்ந்தான். ஒரு முனகல்கூட இல்லை.

'அகப்பட்டாய்' என்று ஷெரோமி மனதுக்குள் சொன்னாள். போனில் வீடியோ பதிவாகிக்கொண்டிருந்தது. அம்மா இதைப் பார்க்கும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்தாள். இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று ஒரு காலை ஊன்றி எட்டிப் பார்த்தாள்.

மெல்ரோய் நிமிர்ந்தான். அவன் போனைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான்.

"அக்கா, உன்ட காலில இரத்தம்."

ஷெரோமி குனிந்தாள். உடைந்த தரைக்கல்லின் விளிம்பில் அவள் நின்றிருந்தாள். பெருவிரல் கிழிந்து, இரத்தம் கல்லில் கோடாக வழிந்திருந்தது.

கண்ட பிறகுதான் வலி வந்தது. நெருப்புப் போல எரிந்தது.

"இவ்வளவு நேரமும் தெரியேல்லையா?" என்று இன்ஸாப் வியந்தான். "நடிக்கிறீங்களோ?"

அந்தச் சொல் அவளைச் சுட்டது. அவள் நடிக்கவில்லை. கால் வெட்டுப்பட்டது உண்மை. வலிக்காமல் இருந்ததும் உண்மை. வலியை உணர்வது மூளை என்று விஞ்ஞானப் பாடத்தில் படித்திருந்தாள். தம்பியைப் பிடிப்பதிலேயே மூளை மும்முரமாக இருந்தபோது, கால் கூப்பிட்டதை அது கவனிக்கவில்லை போலும்.

அப்படியானால் கரம் ஆடும் மூளை? பஞ்சைக் கண்டு பயந்து, வலி வருமென்று காத்திருக்கும் மூளை?

"மெல்ரோய், அந்த முழங்காலிலதானே ஊன்றியிருந்தனீ. நோகேல்லையா?"

அவன் திகைத்துத் தன் முழங்காலைப் பார்த்தான். "இதிலயா?" உடனே முகம் சுருங்கியது. "ஆ... இப்ப நோகுது."

காலையில் என்றால் அவள் சிரித்திருப்பாள். இப்போது போனில் எடுத்த வீடியோவை அழித்தாள்.

டிஸ்பென்சரியில் மிஸ் தட்டை எடுத்ததும் மெல்ரோயின் வாய் திறந்தது. ஷெரோமி முந்திக்கொண்டாள்.

"பந்து பேட்டில பட்டுக் காலில பட்டாலும் எல்பிடபிள்யூதானே?"

மெல்ரோய் அவளை அருவருப்புடன் பார்த்தான். கிரிக்கெட்டைப் பிழையாகச் சொன்னால் அவனால் தாங்க முடியாது. "விசரா உனக்கு? பேட்டில பட்டா எல்பி இல்லை."

"எங்கட ஸ்கூல்ல அவுட்."

"உங்கட அம்பயர் குருடு."

மிஸ் கட்டை அவிழ்த்தார். ஷெரோமி விடவில்லை. வைட் பந்துக்கு ஒருவரும் அவுட் ஆக ஏலாது என்று அடித்துச் சொன்னாள். மெல்ரோய் கொதித்தெழுந்து, ரன் அவுட் ஆகலாம் என்று விளக்கத் தொடங்கினான். மருந்து பட்டது. "அம்மா!" என்று ஒரு தரம் கத்தி, அக்காவின் கையை நசுக்கினான். கண்களில் நீர் முட்டியது.

"வேற எப்பிடி?" என்று அவள் கேட்டாள்.

அவன் மூக்கை உறிஞ்சினான். "ஸ்டம்பிங்... ஸ்டம்பிங்கும் ஏலும்."

"கீப்பர் பந்தை விட்டால்?"

அவன் அதற்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது, "தம்பி, எழும்பலாம்" என்றார் மிஸ். காயம் முழுவதும் துப்புரவாகி, புதுக்கட்டு வெள்ளையாக இருந்தது.

வெளியே வந்ததும் மெல்ரோய் அவள் சட்டையை இழுத்தான்.

"நோகேல்லை எண்டு அம்மாட்ட சொல்லாத, அக்கா. கொஞ்சம் நொந்தது."

"தெரியும்" என்றாள் ஷெரோமி. "கொஞ்சம் நொந்தது எண்டுதான் சொல்லுவன்."

அவன் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் நொண்டியபடி வீட்டுக்கு நடந்தார்கள்.