முன் சக்கரத்துக் கோட்டம்

1986 நவம்பர் 14 அன்று காலை இரும்புலியூர் அருகே ஜி.எஸ்.டி. சாலையில், சைக்கிளில் சென்ற எலியேசர் என்ற இளைஞர் லாரி மோதி இறந்தார். சைக்கிளில் முன் சக்கரம் மட்டும் கோணியிருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் அதே சைக்கிள், தாம்பரம் மார்க்கெட் திருப்பத்தில் சுந்தர்சிங்கின் மேல் வந்து மோதியது. தந்தி ஆபீஸ் வேலைக்குக் கிளம்பியவன் சேற்றில் உட்கார்ந்தபடி நிமிர்ந்தான். முதலில் தெரிந்தவை கண்கள்... மழையில் இமைகள் ஒட்டிப்போன, கோபமான, பெரிய கண்கள்.

"பார்த்து நடக்கக் கூடாதா?"

"நான் நின்னுக்கிட்டிருந்தேங்க. உங்க வண்டிதான் டான்ஸ் ஆடிக்கிட்டு வந்துச்சு."

வந்த சிரிப்பை அவள் உதட்டுக்குள்ளேயே மடித்துக்கொண்டாள். ஜெயசீலி, எலியேசரின் தங்கை, பள்ளிக்கூட டீச்சர். தன் சைக்கிள் சக்கரம் கோணினால் வீட்டிலேயே நிமிர்த்திக் கோட்டம் எடுத்துப் பழகிய சுந்தர்சிங், இதையும் வந்து சரிசெய்வதாகச் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனான். சக்கரத்தை மாட்டிச் சுற்றிப் பார்க்க ஸ்டாண்டு கிடையாது. கூடத்தில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சக்கரத்தின் ஓரமாக ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்துச் சுற்றினான். கோணிய இடம் மட்டும் உரசி வெள்ளையானது. அங்கே கம்பிகளை ஒரு பக்கம் தளர்த்தி, மறுபக்கம் இறுக்கினான். சக்கரம் நூல் பிடித்தாற்போல ஓடியது. ஜெயசீலி காபி கொண்டுவந்தாள். விரல் பட்டதா... படவில்லையா...

அடுத்த சனிக்கிழமை அதே இடத்தில் அதே கோணல். அதற்கடுத்த வாரமும் அப்படியே. வண்டியை யாரும் வெளியே எடுக்கவில்லை. காற்றே இல்லாத கூடத்தில், சுற்றி ஓய்ந்த சக்கரம் தானாக மெல்லப் பின்னோக்கி நகர்ந்தது. கோணிய இடம் மேலே வந்ததும் நின்றது. அவன் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான்.

கதவருகே நின்றிருந்த ஜெயசீலியின் அம்மா ஞானஜோதியும் அதைப் பார்த்தாள்.

"என் பையனுக்கு நீ வர்றது பிடிக்கல தம்பி. இனிமே வராத."

பயம் பாதி, ரோஷம் பாதியாகக் கிளம்பினான். ஜெயசீலி குடையோடு கேட் வரை வந்தாள்.

"அண்ணன் இல்லீங்க... நான்தான் கம்பியத் தளர்த்தினேன்."

"எதுக்கு?"

"சரியாயிட்டா நீங்க எதுக்கு வரப்போறீங்க..."

மழைச் சத்தத்தை மீறிச் சிரித்துவிட்டான். ரெண்டு வாரமாக ஏமாற்றியிருக்கிறாளே என்றான்.

"போன வாரம் மட்டுந்தான்." அவள் குரல் இறங்கியது. "இந்த வாரம் நான் தொடவே இல்ல. நீங்க எப்படியும் வருவீங்கன்னு தெரிஞ்சுபோச்சு..."

உள்ளே, ஆளில்லாத கூடத்தில், சக்கரம் பிரேக் கட்டையில் உரசிச் சுற்றும் சத்தம் கேட்டது. சரக்... சரக்...

போய்விடலாம். போனால் இந்தக் கண்கள்? சுந்தர்சிங் திரும்பிக் கூடத்துக்குள் நடந்தான். சுற்றிக்கொண்டிருந்த டயரின் மேல் கை வைத்தான். நின்றது.

"மச்சான்... கொஞ்சம் விட்டுக் கொடுங்க."

வாசற்படியில் ஞானஜோதி நின்றிருந்தாள். தாம்பரத்தில் கூட்டாளியையும் மச்சான் என்பார்கள், மனைவியின் அண்ணனையும் மச்சான் என்பார்கள்.

"எந்த மச்சான், தம்பி?"

அவன் பின்னாலேயே வந்த ஜெயசீலி குடையை மடிக்கவும் மறந்து நின்றாள்.

"ஜெயசீலிய கட்டிக்கிட்டா என்ன முறை வருமோ... அந்த மச்சான்தாம்மா."

ஞானஜோதி குனிந்து, தரையில் கிடந்த சாக்பீஸை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

அதன்பின் அந்தச் சக்கரம் கோணவில்லை. 1988 மே மாதம் இரும்புலியூரில் இருவருக்கும் திருமணம் நடந்தது.