நொறுங்கிய காரில் ஒரு புது சீட்

பிணம் நின்றுகொண்டிருந்தது!

மதில் சுவருக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவே செருகி வைத்த மாதிரி... காலை நடைக்குக் கிளம்பியவரை யாரோ காரால் சாத்திவிட்டு, வண்டியைப் பின்னால் எடுத்துப் போயிருந்தார்கள்.

பெண் இன்ஸ்பெக்டர் வெகுநேரம் பேசாமல் பார்த்தாள். கான்ஸ்டபிளுக்கு மௌனம் ஒத்துக்கொள்ளாது.

"மேடம், இவருக்கு விவாகரத்து ஆயிடுச்சு. போன வாரம்தான் கோர்ட்ல ஜெயிச்சாரு. ரெண்டு வயசுப் பொண்ணு இனிமே இவர்கிட்டதான். நாளைக்கு ஒப்படைக்கணும்."

"அம்மாகிட்ட விடாததுக்கு என்ன காரணம்?"

"அந்தம்மா குழந்தையை மடியில வச்சுக்கிட்டு கார்ல போச்சாம். குழந்தையை பெல்ட் போட்டு உக்கார வைக்கிற குழந்தை சீட் கட்டாயம்னு சட்டம் இருக்கே. இவரே போட்டோ எடுத்துக் கொடுத்திருக்காரு."

"அந்தக் காரை ஓட்டினது?"

கான்ஸ்டபிள் தொண்டையைச் செருமினார்.

"இவர்தான்."

பொறுப்பான அப்பா.

மதியம்... மாஜி மனைவி தங்கியிருந்த தம்பி வீட்டுக்குப் போனார்கள். தம்பி கணக்கு வாத்தியார். கல்யாணம் ஆகாதவன். ஷெட்டில் அவனுடைய கார், முன்பக்கத்தை யாரோ மென்று துப்பிய கோலத்தில் நின்றது. ஒரு விளக்கு ஒயரில் தொங்கியது.

"நான்தான் இடிச்சேன்" என்றான் தம்பி, யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே.

"மூச்சு விட்டுக்கங்க வாத்தியாரே. ஏன் இடிச்சீங்க?"

"அக்காகிட்டேர்ந்து பாப்பாவைப் பிரிக்கப் பார்த்தாரு மச்சான். மாஜி மச்சான்."

அக்கா வாசலில் நின்றாள். தோளில் குழந்தை தூங்கியது. அவள் அதன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

கான்ஸ்டபிளின் முகத்தில் சாப்பாட்டு நினைவு வந்துவிட்டது. குற்றவாளியே இவ்வளவு ஒத்துழைத்தால் போலீஸ் எதற்கு?

இன்ஸ்பெக்டர் காரின் பின் கதவைத் திறந்தாள்.

உள்ளே ஒரு குழந்தை சீட். பெட்டியிலிருந்து எடுத்த வாசனைகூடப் போகாத புத்தம் புதுசு. ஷெட் மூலையில் குப்பைத் தொட்டி. அதில் பழைய சீட், பட்டைகள் கத்தரிக்கப்பட்டு.

"ஓட்டை வண்டிக்குப் புது சீட்டா?"

"பழசு அழுக்காயிடுச்சு."

"அழுக்கானா துவைப்பாங்க. பட்டையை வெட்டுவாங்களா?"

தம்பி தொட்டியைக் காலால் ஓரம் தள்ளினான்.

"சரி... புதுசை மாட்டினது நீங்கதானே?"

"நான்தான்."

"கழட்டுங்க பார்ப்போம்."

தம்பி குனிந்தான். இழுத்தான். கிடைத்ததையெல்லாம் அமுக்கினான். சீட் அசையவில்லை. முழங்காலைக் கொடுத்து நெம்பினான்.

இன்ஸ்பெக்டர் காத்திருந்தாள். அவளுக்கு அவசரமே கிடையாது. கேள்விக்குச் சிக்காதவர்கள் மௌனத்தில் தாமாக வந்து விழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறாள்.

"விடுடா."

அக்காவின் குரல்.

"நீ உள்ள போக்கா."

"நெம்பாத, உடைஞ்சிடும். பாப்பா உக்கார்ற இடம்டா."

குழந்தையை அவன் கையில் திணித்தாள். காருக்குள் கையை விட்டாள். ஒரே ஒரு அழுத்து...

க்ளிக்!

சீட் சமர்த்தாகக் கழன்று வந்தது. தம்பி கண்களை மூடிக்கொண்டான்.

"வண்டி பலமா இடிச்சா சீட்டை மாத்தணும்" என்றாள் அவள், மெதுவாக. "விரிசல் உள்ள இருக்கும், வெளிய தெரியாது. வேற யாரும் எடுத்து மாட்டிடக் கூடாதுன்னு பட்டையை வெட்டினேன்."

"இடிச்சப்போ பாப்பா வண்டில இருந்தாளா?"

"சேச்சே. வீட்ல தூங்கிட்டிருந்தா. காலியா இருந்தாலும் மாத்தணும் மேடம். சீட்டோட கொடுக்கிற புத்தகத்துலயே போட்டிருக்கு."

"ஆளைக் கொன்னுட்டு வந்து அதைப் படிச்சீங்களாக்கும்."

"முன்னாடியே படிச்சுட்டேன். பொறுப்பில்லாத அம்மான்னு கோர்ட்ல சொல்லிட்டாங்களே."

"இந்த வண்டில எங்க கிளம்பறதா இருந்தீங்க?"

"எங்கயாவது. அவளோட."

பழைய சீட்டே இருந்திருந்தால் தம்பி உள்ளே போயிருப்பான். இவள் குழந்தையோடு வெளியே இருந்திருப்பாள். கொலை செய்தவள், சட்டத்தை மதித்ததால் மாட்டிக்கொண்டாள்!

அவள் குழந்தையைத் திரும்ப வாங்கவில்லை. தூங்கும் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்கு வாங்க" என்றாள் இன்ஸ்பெக்டர். "பாப்பாவைத் தனியா விட முடியாது. கான்ஸ்டபிள், அந்தப் புது சீட்டை ஜீப்புல மாட்டுங்க."

கான்ஸ்டபிள் தலையைச் சொறிந்தார்.

"மாட்டறதுக்கு பெல்ட் வேணுமே மேடம். நம்ம ஜீப்புல ஒரு சீட்டுக்குக்கூடக் கிடையாது."

இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அப்ப சந்து வழியாப் போங்க. மெயின் ரோட்ல போலீஸ் நிப்பாங்க."