தொடாதே... தானே அழியும்!

"ஐயோ...! யாராவது ஓடி வாங்களேன்...!"

முதலில் அலறியது மேனேஜர்தான். ஆபீஸ் மாடிப்படியின் அடியில் மண்டை பிளந்து கிடந்தான், அந்த இளம் புரோகிராமர்.

'கால் வழுக்கி மரணம்' என்று போலீஸ் கேஸை மூடியது. மாடிப்படி கேமராவின் பதிவு மாயமாகியிருந்தது.

செத்தவனின் தங்கை மட்டும் நம்பவில்லை. எப்படி நம்புவாள்?

"நான் ராப்பகலா எழுதின புரோகிராமை எங்க மேனேஜர் தன் பேர்ல காட்டிக்கிட்டான். இன்னைக்கே முதலாளிகிட்ட போட்டு உடைக்கிறேன்!" என்று கொதித்துவிட்டுத்தானே அன்று காலை அண்ணன் கிளம்பினான்?

உறவை மறைத்து அதே ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தாள். கம்ப்யூட்டர்களில் தேங்கும் 'கேஷ்' என்ற பழைய தற்காலிக நகல்களைத் தானாகவே அழிக்கும் புரோகிராம் அவள் பொறுப்பு. அதன் ரிப்போர்ட்டில்தான் மேனேஜரின் குட்டு உடைந்தது.

நான்கு மாதம் கழித்து...

மேனேஜர் அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, அவள் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் நின்றார்.

"ஏம்மா... அவன் திறப்பான்னு என்ன நிச்சயம்?"

"திறப்பான் சார். கேமராவுல அழிக்கிறதுக்கு முன்னாடி அவன் போட்டுப் பார்த்த அன்னைக்குத் தேதி மாடிப்படி வீடியோ, அவன் கம்ப்யூட்டர்ல ஒரு நகலா தங்கிடுச்சு. ரிப்போர்ட்ல பேரும் தேதியும்தான் தெரியும்; உள்ள என்ன இருக்குன்னு பார்க்க அவன் விரல் ரேகை வேணும்."

"அவனே அழிச்சிருக்கலாமே?"

"கையால அழிச்சா, யார் எதை அழிச்சாங்கன்னு முதலாளிக்குத் தகவல் போயிடும். அதான் தானா அழியட்டும்னு காத்துக்கிட்டிருக்கான்."

போனை எடுத்தாள். உள்ளே மணி அடித்தது.

"சார், மூணு மாசத்துக்கு மேல ஆன கேஷ் எல்லாம் அழிஞ்சுடுச்சு. உங்க கம்ப்யூட்டரும் சுத்தம்!"

"அப்படியா...! ரொம்ப சந்தோஷம்மா!"

போனை வைத்த வேகத்தில் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். விரலை வைத்தான். பதறிப் பதறித் தேடினான்... தட்டினான்.

வீடியோ ஓடியது!

மாடிப்படி. அண்ணன் முதுகு. பின்னாலிருந்து பாய்ந்து தள்ளிய இரண்டு கைகள்... மேனேஜரின் முகம்!

கதவு படாரென்று திறந்தது.

மேனேஜர் துள்ளி எழுந்தான். "மூ... மூணு மாசம் தாண்டிடுச்சே... ஏன் அழியல?"

"மூணு மாசம் யாரும் தொடாம இருந்தாத்தான் அழியும்டா, பாவி! திறந்து பார்த்தா, அந்த நிமிஷத்துல இருந்து கணக்கு மறுபடி ஆரம்பிக்கும். போயிடுச்சா, போயிடுச்சான்னு நீதான் தினமும் திறந்து பார்த்து அதைக் காப்பாத்தினே!"

"நீ... நீ யாரு?"

"நீ தள்ளிவிட்டவனோட தங்கச்சி! எங்க அண்ணன் சாவை தினமும் உக்காந்து பார்த்தியே... உனக்கு ஒரு நாள்கூட நெஞ்சு பதறலையா?"

அவள் கை அவன் கன்னத்தில் இறங்கியது. பளார்!

இன்ஸ்பெக்டர் அவசரமே படாமல் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்தார். இன்னொரு பளார் விழுந்த பிறகுதான் திரும்பி, விலங்கை எடுத்தார்.

"வாங்க சார். உங்களுக்குத் தனி ரூம் ரெடி. ஒரே ஒரு குறை... அங்க எதுவும் தானா சுத்தமாகாது. நீங்கதான் பெருக்கணும்!"