பன்னிரண்டு நிமிஷ லார்டு

"மர்டர்...! மர்டர்...!"

துபாய் ஜுமைரா வில்லாவின் மாடியிலிருந்து முதலாளியின் தம்பி ஜெரால்டு போட்ட அலறலில், கீழே காரைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் சோலையப்பனின் கையிலிருந்து துணி நழுவியது.

ஓடினான்.

கட்டிலில் அவன் முதலாளி லார்டு ஆஸ்கர்பி. முகத்தின் மேல் தலையணை.

உயிர் இல்லை!

ஆறு வருஷ முதலாளி. தீபாவளிக்குத் தன் செலவில் டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிய மனுஷன். சோலையப்பனுக்கு அழுகை முட்டியது.

அழ விடவில்லை ஜெரால்டு. போலீஸ் வந்ததும் விரல் நீட்டினான்.

"இவன்தான்! ரெண்டு மணிக்கு நான் தேரா மார்க்கெட்டுக்குக் கிளம்பறப்ப அண்ணன் உயிரோட இருந்தார். என்னை அங்க இறக்கிவிட்டுட்டு இவன் ஒரு மணி நேரம் காரோட தனியா இருந்தான். இங்க வந்து கொன்னுட்டுத் திரும்பியிருக்கான்!"

 இந்த ஊரில் கொலைக்கு என்ன தண்டனை என்று சோலையப்பனுக்குத் தெரியும்.

போலீஸ் மொழிபெயர்ப்பாளர் கௌஸ் முகைதீன், காயல்பட்டினத்துக்காரர், பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, அந்த ஒரு மணி நேரம் எங்க இருந்தீங்க?"

"பார்க்கிங்ல ஏசியப் போட்டுத் தூங்கிட்டேன் பாய்..."

"பாத்த ஆளு?"

"யாருமில்ல."

"போச்சு!"

"நா எதுக்கு பாய் கொல்லணும்? பொறாமை புடிச்சவன் அந்த ஜெரால்டுதான்! ரெட்டைப் புள்ளைங்க. பன்னெண்டு நிமிஷம் முந்திப் பொறந்ததால அவரு லார்டு. இவன் வெறும் ஜெரால்டு! பட்டம் மூத்தவனுக்கு மட்டுந்தானாம். யாராச்சும் 'மை லார்டு'ன்னா போதும், இவன் மொகம் கருகிப்போகும்."

"அது பொறாமைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்கப்பா அண்ணனுக்குப் புல்லட்டு வாங்கிக் குடுத்தாரு. எனக்கு அவன் போட்டுக் கழிச்ச சட்டை. அந்த மூஞ்சிய எங்க வீட்டுக் கண்ணாடியிலயே பாத்திருக்கேன் பாய்!"

கௌஸ் முகைதீன் சிரிக்கவில்லை.

"மூஞ்சி சாட்சி சொல்லாது தம்பி. காகிதம் வேணும்."

காகிதம்...!

சோலையப்பன் துள்ளி எழுந்தான்.

"பாய்! ட்ரிப் ஷீட்டு!"

காரில் ஏறுகிறவர் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். லார்டின் கண்டிப்பு அது. தம்பிக்கும் விலக்கில்லை.

தாள் வந்தது.

"லார்டுங்க சொந்தப் பேரு எழுத மாட்டாங்க பாய். பட்டத்தை மட்டும் போடுவாங்க. 'ஆஸ்கர்பி'. ஒத்த வார்த்தை! தம்பி எப்பவும் 'ஜெரால்டு ஹின்டன்'. 'நான் செத்தாத்தான் சோலை, இந்த ஒத்த வார்த்தை அவனுக்கு'ன்னு பெரியவரு சொல்லிச் சிரிப்பாரு. இன்னிக்கு என்ன போட்டிருக்கான், பாருங்க!"

கௌஸ் முகைதீன் படித்தார். அரபியில் சொன்னார். இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது.

'2.05. ஆஸ்கர்பி.'

ஜெரால்டின் கிறுக்கல்!

"ரெண்டு மணிக்கு அண்ணன் உயிரோட இருந்தார்னீங்க..." இன்ஸ்பெக்டர் நிதானமாகக் கேட்டார். "ரெண்டு அஞ்சுக்கு நீங்க எப்படி லார்டு ஆனீங்க?"

ஜெரால்டு வெளுத்தான். பிறகு வெடித்தான்.

"பன்னெண்டு நிமிஷம்...! வெறும் பன்னெண்டு நிமிஷம்! நாப்பத்தெட்டு வருஷமா அந்தக் கையெழுத்தை மனசுக்குள்ளயே போட்டுப் பாத்தேன்... இன்னிக்குப் பேனாவைக் கையில எடுத்ததும் அடக்க முடியல!"

விலங்கு பூட்டினார்கள்.

ஸ்டேஷனில் ரிஜிஸ்டரை நீட்டினார்கள். ஜெரால்டு நெஞ்சை நிமிர்த்தி ஒற்றை வார்த்தை எழுதினான்.

"மாஃபி, மாஃபி! இது செல்லாது!" கான்ஸ்டபிள் அதைக் கோடு போட்டு அடித்தார். "முழுப் பேர்! அப்பா பேர்! தாத்தா பேர்!"

வாக்குமூலம் கொடுத்துவிட்டு வெளியே போன சோலையப்பன் வாசலில் திரும்பினான்.

"முழுசா எழுதுங்க மை லார்டு! இல்லாட்டி உள்ள விட மாட்டாங்க!"