நாலு முழக் கோடு

காலை ஆறு மணிக்குச் சிந்துஜாவின் கட்டிலைச் சுற்றி மஞ்சள் ஒளிக்கோடு விழுந்தது. கூரையில் பதித்த சின்ன விளக்கு போடுகிற கோடு. கட்டிலிலிருந்து நாலாபுறமும் சரியாக நாலு முழம். கிஷோர் பல்கூடத் துலக்காமல் வந்து, கோட்டுக்கு வெளியே கால்விரல்களை ஒட்டவைத்து நின்றார். ஐந்து மாதமாக இதுதான் அவருக்கு உத்தியோகம். நின்று நின்று அந்த இடத்தில் தரையே குழிந்துவிட்டது, மழை பெய்தால் முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

"ஏனுங்க, காப்பி குடிச்சீங்களா?" என்றாள் சிந்துஜா. வலது கையும் காலும் விழுந்துவிட்டாலும் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஆச்சு, ஆச்சு." குடிக்கவில்லை. அவசரத்துக்கு அப்படிச் சொல்லிப் பழக்கம்.

அரசாங்கம் அனுப்பிய அன்றைய பேணுநர் வந்து, கோட்டைச் சாதாரணமாகத் தாண்டிப் போய், அவளைப் புரட்டித் துடைத்துத் துணி மாற்றினார். நாளுக்கு ஓர் ஆள், ஒரு மணி நேரம், அதோடு சரி. கிஷோர் தாண்ட முடியாது. ஒருநாள் அவள் மூக்கில் உட்கார்ந்த ஈயை ஓட்டக் கையை மட்டும் உள்ளே நீட்டினார். விளக்கு அலறிய அலறலில் பவானிப் பாலத்தில் போன பஸ் நின்றுவிட்டது. ஈ மட்டும் அசையவில்லை.

'கேட்டுத் தொடும் சட்டம்' வந்து பன்னிரண்டு வருடமாகிறது. படுக்கையில் விழுந்தவரை உரிமம் இல்லாத எவரும் தொடக்கூடாது. தாலி கட்டியவர், பெற்ற பிள்ளை, கூடப் பிறந்தவர் யாருக்கும் விலக்கு கிடையாது. சொல்லப்போனால் சட்டமே அவர்களை நினைத்துத்தான். நோய் படுத்திய பாட்டைவிடச் சொந்தபந்தத்தின் அவசரக் கைகள் படுத்திய பாடு அதிகம் என்று யாரோ கணக்கெடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு வழி இருந்தது. பதினைந்து நாள் பேணுநர் புகுமுகப் பயிற்சி முடித்துத் தொடுகை உரிமம் வாங்கினால் வீட்டு ஆளும் கோட்டைத் தாண்டலாம். அறுபத்தொன்பது வயதில் கிஷோர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

பயிற்சி நிலையம் ஈரோட்டில் பெருந்துறை ரோட்டில் இருந்தது. உள்ளே ஏசி இமயமலையைப் பெயர்த்து வந்து வைத்ததுபோல் வீச, சேர்ந்த பன்னிரண்டு பேரும் போர்வையோடு பாடம் கேட்டார்கள். பயிற்றுநர் வேண்மாளுக்கு இருபத்தெட்டு வயது. கிஷோர், சிந்துஜா என்பதெல்லாம் கிழடுகளின் பெயர்களாகி, இளசுகள் சங்ககாலத்துப் பெயர்களோடு திரிந்த காலம் அது. கிஷோருக்குப் பக்கத்துக் கட்டில் குயிலிக்கு. சங்ககிரிக்காரி, ஐம்பது வயது, இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவள். லாரிகள் தாமாகவே ஓடக் கற்றுக்கொண்டதும் இங்கே வந்து சேர்ந்தாள். அவள் மெல்லப் பேசினாலே ஜன்னல் அதிரும்.

ஆளுக்கொரு மெய்ப்பாவை தந்தார்கள். மனிதச் சூடு, மனிதத் தோல், இருமல், எரிச்சல், எல்லாம் உண்டு. கேட்காமல் தொட்டால் நெற்றியில் சிவப்பு விளக்கு எரியும்.

முதல் நாள் கிஷோர் தன் பாவையை இரண்டே நிமிடத்தில் நிமிர்த்தி, தலையணை வைத்து, தண்ணீர் புகட்டி, வாயைத் துடைத்து, தலையும் சீவிவிட்டார். சிவப்பு எரிந்த வெளிச்சத்தில் எதிர்ச்சுவரில் இருந்த அறிவிப்பைப் படிக்க முடிந்தது.

"ஐயா, எத்தனை தடவை கேட்டீங்க?" என்றாள் வேண்மாள்.

"என்னத்தக் கேக்கறது அம்மிணி? தாகமுன்னு மூஞ்சியிலயே எழுதியிருக்குதே! நான் முப்பத்தெட்டு வருசம் ஜவுளிக்கடையில நின்னவனுங்க. படியேறி வர்றப்பவே எந்தச் சேலைன்னு எடுத்துப் போட்டுருவேன். கேட்டுக் குடுக்கறதுக்கு மிஷினு போதுமுங்க. கேக்காமக் குடுக்கறதுக்குத்தான் மனுசன்."

பூஜ்யத்துக்குக் கீழேயும் மதிப்பெண் போடலாம் என்பதை நிலையம் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தது.

குயிலியின் பாவைக்கோ எப்போதும் பச்சைதான். "ஆத்தா, லெப்டுல சாய்க்கட்டுமா, ரைட்டுல சாய்க்கட்டுமா? வரட்டுமா? இன்னுங் கொஞ்சம் வரட்டுமா?"

"இத எங்க படிச்சீங்க?" என்று கிஷோர் எரிச்சலோடு கேட்டார்.

"ரிவர்ஸ் எடுக்கறப்பதானுங்ணா! கிளீனரக் கேக்காம ஒரு சாண் நகத்துவமா? நம்ம கண்ணுக்குத் தெரியாத பக்கத்துல என்ன நிக்குதுன்னு நமக்கெப்படித் தெரியும்?"

பத்தாம் நாளுக்குள் அவர் ஒன்பது முறை தோற்றிருந்தார். பதினைந்தாம் நாளும் தேறாவிட்டால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் சிந்துஜா எப்படி இருப்பாளோ! வேண்மாளுக்கு மனசு கேட்கவில்லை. அந்தக் காலத்தில் எல்லார் மணிக்கட்டிலும் ரத்த அழுத்தம் பார்க்கிற வளை ஒன்று இருந்தது. உடம்பு சிலிர்த்தது, சுருங்கியது எல்லாவற்றையும் அது சேர்த்து வைத்திருக்கும். சிந்துஜாவின் வளையிலிருந்த பதினைந்து வருட மெய்ப்பதிவை அவள் சம்மதத்தோடு வாங்கிப் பாவைக்குள் ஏற்றினாள்.

கிஷோர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "இப்படியல்லோ குடுக்கோணும்! எம் பொண்டாட்டிய எனக்குத் தெரியாதுங்களா?"

அவர் எடுத்த எடுப்பில் கை வைத்தது பூவில். தினமும் சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் அவளுக்குத் தன் கையாலேயே முல்லைச்சரம் வைத்துவிடுவார். 'ஆம்பளைன்னா அவரு' என்று அந்தத் தெருவில் எத்தனை வீட்டில் சண்டை மூண்டதோ தெரியாது. பாவையின் கொண்டையில் சரத்தைச் சுற்றி, வழக்கம்போல் ஒரே அழுத்தில் ஊசியைச் செருகினார். நெற்றியில் சிவப்பு எரிந்தாலும் பாவை சிரித்தது. சிந்துஜாவின் அதே சிரிப்பு. அவர் பெருமையாகத் திரும்பி வேண்மாளைப் பார்த்தார். அவள் பாவையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வைக்குக் கீழே பத்து விரல்களும் உள்ளே மடங்கி இறுகியிருந்தன.

"இது... எந்திரக் கோளாறுங்களா?"

வேண்மாள் திரையைப் பார்த்தாள். சொல்ல அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. "இல்லீங்க ஐயா. இந்தப் பதிவுல இதே மாதிரி நாலாயிரத்துச் சொச்சம் தடவை இருக்குது. எல்லாம் சாயங்காலத்துல."

அன்று அவர் மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து கிஷோர் கேட்க ஆரம்பித்தார். தலையணையை நகர்த்தக் கேட்டார், கண்ணாடியைக் கழற்றக் கேட்டார், பெருமூச்சு விடவும் கேட்டார். லிப்ட்டைக் கூப்பிடும்முன் "வரீங்களா?" என்றார். வீட்டில் தோசையிடம் "திருப்பிப் போடட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்ததில் தோசை கரிந்தது. பதினைந்தாம் நாள் நூற்றுக்கு நூறு. குயிலி முதுகில் தட்டிய தட்டில் அவர் இரண்டு அடி முன்னால் போய் நின்றார். "கேக்காமத் தட்டீட்டனுங்ணா!" என்று அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பாக்கி இருந்தது முதற்கேள்வி ஒன்றுதான். உரிமம் பெற்றவர் படுத்திருப்பவரிடம் சாட்சியோடு ஒருமுறை கேட்க வேண்டும். பதில் இரண்டு வருடத்துக்குச் செல்லும். ஒரே ஆளை நிறுத்திக் கேட்டால் அது கேள்வியே இல்லை என்பதால் இன்னொரு பேணுநரும் பக்கத்தில் நிற்க வேண்டும். சாட்சியாக வேண்மாள் வந்தாள். பக்கத்தில் நிற்கக் குயிலி வந்தாள்.

கல்யாணத்துக்கு எடுத்ததைப்போல் கரை வேட்டி கட்டிக்கொண்டு கிஷோர் கோட்டருகே நின்றார்.

"சிந்து, உன்னைய நான் தொடலாமா?"

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "நெசமாவே கேக்கறீங்களா?"

"நெசமாத்தான் கேக்கறேன்."

"அப்படீன்னா வேணாமுங்க."

கிஷோர் கழுத்திலிருந்த உரிம அட்டையை எடுத்துக் காட்டினார்.

"நூத்துக்கு நூறு வாங்கியிருக்கறேன் சிந்து. அந்தப் பாவைக்கு ஒரு விரல்கூட மடங்கல."

"அதுக்கு நான் பட்டதுதானுங்க தெரியும். இனிமே எனக்கு என்ன வேணுமின்னு அதுக்கெப்படித் தெரியும்?"

"ஊசி குத்துதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லோ?"

"அவ்வளவு ஆசையா வெச்சு விடறீங்க. எப்படிங்க சொல்றது?" அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. "நீங்க கை வெச்சா, வலிச்சாலும் சிரிக்கோணுமின்னு எனக்குப் பழகிப்போச்சுங்க. படுக்கையில கெடந்துட்டு இனி அது ஆகாதுங்க. மாட்டேன்னா ஒத்துக்கிறவங்க யாராச்சும் இருந்தாப் போதுமுங்க."

அடுத்துக் குயிலி கேட்டாள், சிந்துஜா சரியென்று தலையசைத்தாள். வேண்மாள் தலையைக் குனிந்தபடி இரண்டு பதிலையும் பதிந்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கோடு விழுந்தது. கழுத்தில் உரிம அட்டை தொங்க, கிஷோர் தன் பழைய இடத்தில் வந்து நின்றார். கையில் இரண்டு டம்ளர் காப்பி. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளுக்குத் தானே காப்பி போட்டுத் தந்த கை அது. உள்ளே குயிலி வேலையை ஆரம்பித்திருந்தாள்.

"இந்தப் பக்கம் திருப்பட்டுங்களாக்கா? வரட்டுமா?"

"வா... வா... நில்லு, வலிக்குது!"

"நிப்பாட்டீட்டேன்!"

'வலிக்குது' என்ற சொல்லை அவள் வாயிலிருந்து கிஷோர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்!

சிந்துஜா தலையைத் திருப்பினாள். "ஏனுங்க, காப்பி குடிச்சீங்களா?"

நாற்பத்தொரு வருடமாக அவள் கேட்கிற கேள்வி. 'ஆச்சு' நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"இன்னுமில்ல. ரெண்டு டம்ளர்ல கொண்டாந்திருக்கறேன். நீ குடிக்கறயா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு கூச்சத்தோடு சிரித்தாள். கிஷோரின் கண் தானாக அவள் கால்விரல்களுக்குப் போனது. அவை மடங்காமல் சும்மா கிடந்தன.

"எனக்குக் காப்பி புடிக்காதுங்களே."

கிஷோர் கோட்டுக்கு வெளியே, இரண்டு டம்ளரும் ஆறிப்போகும்வரை நின்றுகொண்டிருந்தார்.